நாலாவுக்குப் போடும் மீன்

எங்கள் நாலாவில் இருந்த முதலையைக் கூண்டு வைத்துப் பிடிக்க வேண்டும் என்று ஃபாரஸ்ட் ஆபீஸ் வாசலில் நின்று முதலில் கத்தியவள் நான்தான். கூட வந்த ஆண்பிள்ளைகள் எல்லாம் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்கள். என் வீட்டுக்காரர் வாசல் வரைக்கும்கூட வரவில்லை. ரோட்டோரத்துப் பாதாம் மரத்தடியில் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

சந்தேகம் எனக்குக் கூடப்பிறந்த குணம். கடைக்காரன் தராசைத் தட்டினால் சந்தேகம். பாராடாங் ஃபெர்ரி தாமதமானால் சந்தேகம். போன் வந்ததும் மனிதர் எழுந்து வெளியே போனால் கேட்கவே வேண்டாம். "ஒன்கிட்ட ஆண்டவரே வந்து நின்னாலும் ஆதார் கார்டக் காட்டும்பட்டி" என்பார் வீட்டுக்காரர். கேட்டால் என்ன தப்பு? தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து கல்யாணம் முடித்து, போர்ட் பிளேயர் கப்பல் முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டே இந்தத் தீவில் வந்து இறங்கியவள் நான். பாஷை தெரியாத ஊரில் கண்ணைத் திறந்து வைத்திருந்ததால்தான் பிழைத்தேன்.

கடல் ஏறி இறங்குகிற ஓடையை இங்கே எல்லோரும் இந்தியில் நாலா என்றே சொல்வோம். எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம் பத்தடி இறங்கினால் நாலா. இக்கரையில் எங்கள் பலகைத்துறை. படகு கட்டவும், மீன் கழுவவும், துணி அலசவும் எல்லாவற்றுக்கும் அதுதான். அக்கரை முழுவதும் உப்புத் தண்ணீரில் வேர் ஊன்றி நிற்கிற கண்டல் காடு. அவர் டுங்கியில், அதாவது சின்ன மோட்டார் படகில், வெயில் ஏறுவதற்குள் போய்விட்டு மத்தியானம் திரும்புவார். படகை இழுத்துக் கட்டும்போது இடுப்பளவு தண்ணீரில் நிற்பார். தினமும் நிற்பார். அந்த இடத்துக்குத்தான் முதலை வர ஆரம்பித்தது. நான் தொண்டை கிழியக் கத்தினதற்குக் காரணம் அதுதான். வேறு யாருக்கு வேண்டுமானாலும் முதலை அபூர்வமாக இருக்கட்டும், எனக்கு அந்த இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற ஆள் ஒருவர்தான்.

முதலை இங்கே புதுசில்லை. எல்லா நாலாவிலும் உண்டு. ஆனால் அவை மனிதச் சத்தம் கேட்டாலே முங்கிப் போய்விடும். இது மட்டும் ஏன் துறைக்கே வருகிறது? இதற்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்று என் மூக்கில் வேர்த்துவிட்டது.

முதல் சந்தேகம் ஃபாரஸ்ட்காரர்கள் மேல். போர்ட் பிளேயர் பக்கம் பிடிக்கிற முதலைகளை லாரியில் ஏற்றி வந்து எங்கள் நாலாக்களில் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று வாட்ஸாப்பில் ஓடிக்கொண்டிருந்தது. லாரியை யாரும் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் என்ன, விட்டவன் பார்க்கும்படியா விடுவான்? அடுத்த சந்தேகம் குகை பார்க்க வருகிற டூரிஸ்ட் படகுகள் மேல். போட்டோவுக்காகப் பிஸ்கட்டையும் சிக்கனையும் எறிகிற கூட்டம். மூன்றாவது, பெரிய சந்தேகம், அடுத்த வீட்டுத் தெலுங்குக்காரி மேல். அவள் புருஷனுக்குக் கோழிக்கடை. குடலையும் தலையையும் வாளியோடு கொண்டுவந்து நாலாவில் கொட்டுவான். "கோழிக் குடலத் தின்னு ருசி கண்டுதான் இங்கயே சுத்துது" என்று அவள் காதுபடச் சொன்னேன். அவளும் விடவில்லை. "உங்க மீன் கழுவுற தண்ணி என்ன, பன்னீரா அக்கா?" என்றாள். இரண்டு வாரம் பேச்சு இல்லை.

பேச்சு இல்லாத அந்த நாட்களில்தான் அவள் விழுந்தாள். நண்டுக் குழம்புச் சட்டி அடிப்பிடித்துவிட்டதாம். எங்கள் துறைப் பலகையில் உட்கார்ந்து, கருகினது உதிரட்டும் என்று சட்டியைக் கவிழ்த்து டொக்கு டொக்கென்று தட்டியிருக்கிறாள். பலகைக்குக் கீழே தண்ணீர் விலகி முதலைத் தலை எழுந்திருக்கிறது. கடிக்கவில்லை. வாயை லேசாகத் திறந்துகொண்டு அப்படியே பார்த்துக்கொண்டு நின்றது என்று பிற்பாடு அவளே சொன்னாள். பின்னால் சாய்ந்து விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. அவள் போட்ட சத்தத்தில் நான் அரிவாள்மணையைப் போட்டுவிட்டு ஓடினேன். "அய்யோ மாதாவே" என்று அவளைத் தூக்கும்போது சண்டையெல்லாம் எங்கே போனதோ. மறுநாள் அவளுக்கும் சேர்த்துத்தான் ஃபாரஸ்ட் ஆபீஸில் கத்தினேன்.

அங்கிருந்து ஒரு கார்டை, அதாவது காட்டுக் காவலரை, அனுப்பினார்கள். ராஞ்சிக்காரக் குடும்பம், இங்கேயே பிறந்தவர். இந்தியும் தமிழும் கலந்து பேசுவார். என்னை 'பாபி' என்பார், அண்ணி என்று அர்த்தம். ஒரு நாள் முழுக்க நாலாவைச் சுற்றிவிட்டு வந்து சொன்னார்: "பாபி, இது மாதா. பொம்பள முதலை. அக்கரையில கூடு கட்டியிருக்கு."

"கூடா? அது என்ன காக்காவா?"

அவர் சிரிக்கவில்லை. கண்டலுக்குப் பின்னால் மேட்டில், புல்லும் சேறும் பெரணி இலையும் குவித்து, முழங்காலுக்கு மேலே உயரமாக ஒரு குவியல். அதற்குள் முட்டைகள். இலை அழுகுகிற சூட்டில்தான் குஞ்சு பொரியும். நடுவாந்தரச் சூடாக இருந்தால் ஆண் குஞ்சு, ஏறினாலும் இறங்கினாலும் பெண் குஞ்சு. மழைத் தண்ணீர் உள்ளே ஏறிவிட்டால் எல்லாமே போச்சு. உடும்பு தோண்டும், பன்றி தோண்டும், நாய் தோண்டும். தாய் கூட்டை விட்டு விலகாமல் பக்கத்திலேயே குழி பறித்துக் கிடக்கும். பொரிந்து வருகிற குஞ்சுகளிலும் பெரிசாகி முட்டை போடுகிற வயசுக்கு வருவது ஒன்றோ இரண்டோ, அதற்கும் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும் என்றார். புலிக்கு என்ன சட்டமோ அதே சட்டம் இதற்கும்.

எனக்கு அவர் மேலேயும் சந்தேகம்தான். நீங்களே கொண்டுவந்து விட்டுவிட்டு இப்போது கூடு, குஞ்சு என்று கதை சொல்கிறீர்களா? கேட்டேவிட்டேன். "வெளியில இருந்து கொண்டுவந்த முதலை வந்த ஒடனே கூடு கட்டுமா பாபி? இது இந்த நாலாவிலயே வளர்ந்தது" என்றார். பிறகு தாடையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "ஆனா கூட்ட விட்டுட்டு இங்க வருதுன்னா, யாரோ கூப்பிடறாங்க."

அந்த வார்த்தை என் காதுக்குள் உட்கார்ந்துகொண்டது. யாரோ கூப்பிடுகிறார்கள். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று மறுநாள், தட்டி ஊரைக் கூட்ட ஒரு தகர டப்பாவும் மூங்கிலுமாகக் கரை மேட்டில் போய் உட்கார்ந்தேன். கோழிக்கடைக்காரன் வாளியைக் கவிழ்த்துவிட்டுப் போனான். குடல் மிதந்து போனது. முதலை தலை காட்டவில்லை. டூரிஸ்ட் படகு ஒன்று கூச்சலோடு போனது. அதற்கும் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது, என் சந்தேகமெல்லாம் ஒவ்வொன்றாகப் பொய்த்துக்கொண்டு வந்தது, எனக்கோ ஆத்திரம்.

அப்போது தூரத்தில் எங்கள் டுங்கியின் மோட்டார் சத்தம் கேட்டது. கேட்ட உடனே அக்கரைக் கண்டலுக்கடியிலிருந்து இரண்டு கண்ணும் ஒரு மூக்கும் புறப்பட்டன. எந்த அவசரமும் இல்லை. மிதந்துகொண்டிருந்த கோழித் தலையைத் தாண்டிக்கொண்டு நேரே எங்கள் துறைக்கு வந்து, பலகைக்குப் பக்கத்தில் நின்றன. நான் டப்பாவைத் தட்ட மறந்துபோனேன். அவர் மோட்டாரை நிறுத்தினார். சிலுவை போட்டுக்கொண்டார். துடுப்புக் கட்டையால் படகு விளிம்பில் டொக்கு டொக்கென்று தட்டினார். கூடையிலிருந்து ஒரு நல்ல கொடுவா மீனை எடுத்துத் தண்ணீரில் போட்டார். முதலை வாயைத் திறந்ததும் தெரியவில்லை, மூடியதும் தெரியவில்லை. மீனோடு திரும்பி அக்கரைக்குப் போனது. அது பாதி தூரம் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவர் நிதானமாகத் தண்ணீரில் இறங்கினார்.

அந்த மீன் எனக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். எங்கள் கடற்கரையில் பிடித்த மீனில் கோயிலுக்கு ஒரு பங்கு கொடுப்பது வழக்கம், தெறிப்பு என்று சொல்வார்கள். என் மாமனார் இங்கே வந்த காலத்தில் பக்கத்தில் கோயில் கிடையாது. கடல் ஒன்றுதானே, இங்கே போட்டால் ஊர் அந்தோணியார் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று, முதல் மீனைத் துறையில் தட்டிக் கூப்பிட்டுத் தண்ணீரில் போடுவாராம். பிற்பாடு கோயில் வந்தது. சாமியார் காணிக்கை போதும், மீன் வேண்டாம் என்றுவிட்டார். ஆனாலும் அப்பா செய்ததென்று இவர் மீனை நாலாவுக்குத்தான் போட்டார். உலகத்தையே சந்தேகப்பட்ட நான் அதை மட்டும் சந்தேகப்படவில்லை. கோயில் காரியம் அல்லவா!

கரையேறி வந்தவரைச் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஒங்களுக்கு முன்னமே தெரியும், என்ன?"

கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"கேக்கேம்லா! அது வாரது ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்" என்றார். "சின்னதா இருக்கயிலே இருந்து முங்கிக்கிட்டே வரும். மொழங்கை நீளந்தான் இருந்துச்சு அப்ப."

"நான் ஆபீஸ் வாசல்ல தொண்டத் தண்ணி வத்தக் கத்துதேன், நீங்க மரத்தடியில நின்னு பீடி குடிச்சிய! அந்தத் தெலுங்குப் புள்ள கைய ஒடிச்சுக்கிட்டுக் கெடக்கா. அவ சட்டியத் தட்டினது கேட்டுல்லா அது மீன் வாங்க வந்துருக்கு!"

"கோயில் மீன யாரு வாங்கினா என்ன? குடுக்கதுதான் நம்ம சோலி" என்றார். குரலில் சத்தமே இல்லை. பிறகு, "அது ஒருநாளும் என்கிட்ட மொறைச்சது கெடையாதுட்டி" என்றார்.

இத்தனை வருஷமாக இடுப்பளவு தண்ணீரில் நின்றது தெரியாமல் நின்றதல்ல, தெரிந்தே நின்றிருக்கிறார். அன்று நான் சோறு பொங்கவில்லை. சாயங்காலம் கார்டு வந்ததும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். காட்டிக்கொடுத்தவள் என்று அவர் நினைத்தால் நினைக்கட்டும், தாலி கட்டினவர் முழுசாக வீட்டுக்கு வர வேண்டும்.

கார்டு திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். "அண்ணா, நீங்க அதுக்குச் சோறு போடல, மனுஷன் மேல இருந்த பயத்த எடுத்துட்டீங்க. இனி யார் எங்க எதைத் தட்டினாலும் வரும். ஒரு நாள் மீன் இல்லாத கையா இருக்கும்." வேறு தீவில் கொண்டுபோய் விட்டால் என்ன என்று கேட்டேன். கடலில் நீந்தியே திரும்பி வந்துவிடும், அந்த வகை வீட்டை மறக்காது என்றார். பிடித்தால் சாகும்வரை கூண்டுதான்.

பெரிய ஆபீஸில் பேசி ஒரு முடிவு சொன்னார்கள். இப்போது தாயைப் பிடித்தால் முட்டைகளை உடும்பும் நாயும் தின்றுவிடும். குஞ்சு பொரிந்து, கொஞ்சம் தேறி, தண்ணீரில் பிரிந்து போகிற மட்டும் காத்திருப்பது. அதுவரை எங்கள் துறைக்கு வேலி. டுங்கி ஊர்ப் படகுத்துறையான பெரிய ஜெட்டியில் நிற்கும். தண்ணீருக்கு ஒரு மீன்கூடப் போகக் கூடாது. கோழிக்கடைக்காரனுக்கும் அதே உத்தரவு. அவன் என்னிடம் வந்து, "எதுக்குக் காத்திருக்கணும் அக்கா? ஒரு கோழிக்குள்ள பூச்சி மருந்த வெச்சுப் போட்டா முடிஞ்சுது" என்றான். நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள். பிடி என்று முதலில் கத்தினவள் நானல்லவா, அந்தத் தைரியத்தில் என்னிடமே வந்து சொல்கிறான். எனக்குச் சுருக்கென்றது. "எம் புருஷன் மீன் பிடிக்கிற தண்ணியில மருந்தக் கலந்துருவியோ? கலந்து பாரு" என்று விரட்டினேன். விரட்டினேனே தவிர, அன்றிலிருந்து அவன் வாளி மேல் எனக்கு ஒரு கண்.

இன்னொரு கண் வீட்டுக்காரர் மேல். ஐஸ் பெட்டியில் மீனை எண்ணி எண்ணி வைத்தேன். சாயங்காலமானால் ஆளைக் காணோம். ஒரு நாள் பின்னாலேயே போனேன். வேலிக்கு இப்பால் மேட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஒன்றுமில்லை. கீழே பலகைக்குப் பக்கத்தில் இரண்டு கண்ணும் ஒரு மூக்கும். தினமும் வந்து நின்றுவிட்டுப் போகிறதாம். "என்னடா இவன் இன்னைக்கும் தட்டலயேன்னு பாக்குதுட்டி" என்றார். திட்டுவதற்கென்று வாயைத் திறந்தவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

மழை பிடித்துக்கொண்டது. நாலா ஏறி ஏறி அக்கரை மேட்டை நக்கியது. முட்டை முழுகிவிடுமோ என்று நானே கார்டைக் கேட்க ஆரம்பித்திருந்தேன், எனக்கே வெட்கமாக இருந்தது. மழை சற்று விட்ட ஒரு காலையில் கார்டு எங்கள் இருவரையும் தன் படகில் ஏற்றித் தூரத்தில் நிறுத்தினார். குவியலுக்குள்ளிருந்து கோழிக்குஞ்சு தொண்டை கட்டிக்கொண்டு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். முட்டைக்குள் இருந்தே தாயைக் கூப்பிடுகின்றனவாம். அது முன்னங்காலால் மேட்டைப் பறித்தது. மாட்டெலும்பை நொறுக்குகிற அந்த வாய்க்குள் மஞ்சளும் கறுப்பும் வரிவரியாய்க் குஞ்சுகள், பல்லிடுக்கில் வால் தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு வந்து வாயைத் திறந்து தலையை ஆட்டி விட்டது, திரும்பிப் போனது, மறுபடி வந்தது. உடையாத ஒரு முட்டையை நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பதமாக உடைத்தது. நான் பிள்ளை பெற்றவள். வேறு என்ன சொல்ல?

அதன் பிறகு கொஞ்ச காலம் குஞ்சுகள் அதன் முதுகிலும் கண்டல் வேரிலுமாகக் கிடந்தன. கழுகு கொஞ்சம் கொண்டுபோனது. மிச்சம் மெல்ல மெல்ல உள் ஓடைகளுக்குப் பிரிந்தன. போர்ட் பிளேயரிலிருந்து ஃபெர்ரி ஏறி இரும்புக் கூண்டு வந்தது. எங்கள் துறையிலேயே பாதி தண்ணீரிலும் பாதி கரையிலுமாக வைத்தார்கள். கூண்டின் உள் கடைசியில் கோழியைக் கட்டித் தொங்கவிட்டார்கள், இழுத்தால் பின்னால் கதவு விழும். அது வரும், கூண்டைச் சுற்றும், போய்விடும். கோழியை மாற்றி ஆட்டுக்குடல் கட்டினார்கள். ஏறிட்டும் பார்க்கவில்லை. கூண்டைச் சந்தேகப்பட்டது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பிடி என்று கத்தின அதே வாய், 'உள்ள போகாத, உள்ள போகாத' என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

கார்டு வந்து வீட்டுக்காரர் முன்னால் தரையில் உட்கார்ந்தார். "அண்ணா, நீங்க தட்டினா வரும்."

"மாட்டேன்" என்றார். "அது கோயில் பங்கு. அதக் காட்டிப் பிடிக்கச் சொல்லுதியளா?"

"கோழிக்கடைக்காரன் மருந்து வாங்கி வெச்சுட்டான். நேத்து நான்தான் பிடுங்கினேன். நாளைக்கு வேற ஒருத்தன். இல்லன்னா ஒரு குழந்தை இந்தப் பலகையில விளையாட்டாத் தட்டும். ஒரு ஆள் போயிட்டா அப்புறம் இதை மட்டும் கொல்ல மாட்டாங்க. அந்தக் குஞ்சு அத்தனையும் தேடித் தேடிக் கொல்லுவாங்க."

அவர் என்னைப் பார்த்தார். கார்டு சொன்னதில் ஒரு பொய்யாவது இருக்குமா என்று துழாவித் துழாவிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் மத்தியானம் அவர் டுங்கியைப் பழையபடி துறைக்குக் கொண்டுவந்தார். கூடையில் இருந்ததிலேயே பெரிய கொடுவாவை எடுத்தார். சின்னது போதும் என்றார் கார்டு. இவர் காதில் வாங்கவில்லை. கூண்டின் கடைசியில் மீனைத் தானே கட்டினார். சிலுவை போடக் கை எழுந்தது, பாதியில் நின்றது, கீழே இறங்கியது. துடுப்பை எடுத்துக் கூண்டின் கம்பியில் தட்டினார்.

அக்கரையிலிருந்து அது புறப்பட்டது. இந்தத் தடவை கூண்டைச் சுற்றவில்லை, நிற்கவுமில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் குனிந்திருந்த அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்து மீனை வாங்கியது. கதவு விழுந்தது.

துள்ளும், உருளும் என்று கயிறும் சாக்குமாக நின்றிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். அது கொஞ்ச நேரம் அசையவே இல்லை. மீன் வாயிலேயே இருந்தது. பிறகுதான் திரும்ப முயன்று கதவில் முட்டியது. தெலுங்குக்காரி கட்டுப் பிரித்த கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

இப்போது துறை எங்களுடையது. இடுப்பளவு தண்ணீரில் பயமில்லாமல் நின்று படகைக் கட்டுகிறார். ஆனால் அன்றிலிருந்து முதல் மீனை நாலாவுக்கும் போடுவதில்லை, கோயிலுக்கும் அனுப்புவதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மியடியில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். போன திருவிழாவுக்கு நானே பார்த்து, ஒரு நல்ல மீனைக் கழுவி இலையில் வைத்து, "இன்னைக்காவது அந்தோணியாருக்குக் கொண்டுபோய் வச்சுட்டு வாங்க" என்று நீட்டினேன். அவர் வாங்கவில்லை. இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"பங்கு தாரேன் வான்னு கூப்புட்டு அடைச்ச கை இது. இந்தக் கையில இனி எந்தச் சாமிட்டி மீன் வாங்கும்?"